பாலத்தடித் தண்ணீர்

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவருக்கு இந்த வாரம் கண்டெய்னர் யார்டில் இரவு வேலை. விழித்திருப்பது நான் மட்டும்தான், கையில் இறால் வாசனையோடு. மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன், எலுமிச்சைத் தோலையும் தேய்த்துப் பார்த்தாயிற்று. போகவில்லை.

சாயங்காலம் உன் அம்மா வந்திருந்தார். முகத்துவாரக்குப்பத்திலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோ மாறி எர்ணாவூர் வந்து, முழங்கால் வலியோடு எங்கள் மூன்று மாடியும் ஏறி, வாசலிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு அந்த எவர்சில்வர் தூக்கை நீட்டினார்.

"இந்தா கண்ணு, கொயந்தைக்கு. பாலத்தாண்ட கையால தடவிப் புடிச்சது. வேற எங்கியும் எறங்கல நானு. எம் பொண்ணு சொன்ன எடத்த வுட்டு ஒரு அடி தள்ளிப் போவ மாட்டேன்."

பாப்பா ஓடி வந்து தூக்கைக் கட்டிக்கொண்டாள். மாதத்தில் மூன்று நான்கு முறை இது நடக்கிறது. நீ போனதிலிருந்து, இரண்டு வருடமாக.

"இன்னாமா, மூஞ்சி ஒரு மாரி கீது? ராவுல தூங்கலியா?"

"தலைவலிம்மா" என்றேன்.

அவர் போனதும் பழக்கத்தில் அத்தனை எறாவையும் உரித்து, நரம்பெடுத்து, மஞ்சள் போட்டு அலசினேன். அதன் பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. அப்படியே செய்தித்தாளில் சுற்றி, இரண்டு கவரில் போட்டு, தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குள் ஆழமாக அமுக்கிவிட்டு வந்தேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி. பாப்பாவுக்குத் தயிர்சாதம். "எறா எங்க?" என்று அழுதுகொண்டே தூங்கினாள்.

காரணம், மதியம் சங்கத்திலிருந்து வந்த மெயில்.

நம் சங்கம்தான். குளம், கழிமுகம், கடலோரம் என்று தண்ணீரையே படிக்கிறவர்களின் சங்கம். எம்.எஸ்ஸி முடித்த வருடம் உறுப்பினர் படிவத்தில் இரண்டு மூத்த உறுப்பினர்கள் கையெழுத்து வேண்டுமென்று சொன்னபோது, நீ இரண்டு நாள் அலைந்து வாங்கி வந்தாய். அட்டை கைக்கு வந்ததும், "ஆட்டோக்காரங்களுக்கும் மூட்ட தூக்கறவங்களுக்கும்தான் சங்கம் கீதுன்னு நெனச்சேன். தண்ணிக்கும் வச்சினுகீறாங்கடி!" என்று சிரித்தாய்.

நாம் சேர்ந்து செய்த அந்த ஆய்வு முழுக்க உன்னுடைய யோசனை. கழிமுகத்தில் ஐந்து இடத்தில் தண்ணீர் எடுத்து, நச்சு உலோகம் இருக்கிறதா என்று பார்ப்பது. நான்கை நீ உன் அப்பாவின் படகில் போய் எடுத்தாய். எனக்குப் படகென்றால் குலை நடுங்கும் என்பதால் பாலத்தடி என் பொறுப்பானது. விதி ஒன்றே ஒன்று. தண்ணீர் வடியும்போது மட்டும்தான் பாட்டிலை நிரப்ப வேண்டும்.

"ஏறும்போது கடல் தண்ணி உள்ள வரும், எல்லாம் சுத்தமாத்தான் தெரியும்" என்றாய். "எங்கம்மா எப்போ எறங்குது? வடிஞ்சப்புறம்தான். இடுப்பளவு தண்ணில நின்னுகினு எறா தடவுது. அது நிக்கிற தண்ணிய எடு. நல்ல தண்ணிய எடுத்துனு வந்து யாருக்குக் காட்டப் போற?"

முதல் முறை சரியாகத்தான் எடுத்தேன். அது பாட்டில் கழுவியது சரியில்லை என்று வீணாயிற்று, நினைவிருக்கிறதா? அடுத்த மூன்று முறையும் திருவொற்றியூரிலேயே பஸ் நின்றுவிட்டது, டிரெய்லர் லாரிகளுக்குப் பின்னால். பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நுரையும் குச்சியும் உள்நோக்கி மிதந்துகொண்டிருந்தன. ஏறுகிறது என்று எனக்குத் தெரிந்தது. மறுபடி வடிய ஆறு மணி நேரம். பொழுது சாய்ந்துவிடும், பாலத்தின் மேல் லாரிக்காரர்கள் விசிலடித்தார்கள், வீட்டில் அப்பா கத்துவார். நிரப்பினேன். நோட்டில், நீ கட்டம் போட்டுத் தந்த பத்தியில், 'வடிகிறது' என்று எழுதினேன். முதல் தடவை யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு எழுதினேன். மூன்றாவது தடவை சுற்றிப் பார்க்கவில்லை. இப்போது யோசித்தால் அதுதான் அதிக பயமாக இருக்கிறது.

முடிவுகள் வந்த அன்று நீ காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணின் கீழும் கோடு போட்டாய். உன் நான்கு இடத்திலும் ஈயமும் காட்மியமும் எல்லை தாண்டியிருந்தன. பாலத்தடி மட்டும் சுத்தம்.

"ஒரு எடமாவது நல்லாகீதுடி" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. "எங்கம்மாவ அங்க மட்டும் எறங்கச் சொல்லிடறேன். வேலய வுடச் சொன்னா கேக்காது. எடம் மாத்தச் சொன்னா கேக்கும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். கழுத்தில் பெயர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நீ உன் அண்ணியின் பட்டுப்புடவையில், நம் ஆய்வைப் பெரிதாக அச்சிட்ட சுவரொட்டிக்குப் பக்கத்தில் கல்யாணப் பெண் மாதிரி நின்றாய். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் படித்த ஒரு பெரியவர், பாலத்தடி எண்ணில் விரலை வைத்துக் கேட்டார்: "இது மட்டும் எப்படிம்மா? தண்ணி ஏறுற நேரமா இருந்திருக்குமோ?"

"இல்ல சார். எல்லாமே வடியற நேரம். இவதான் எடுத்தா, கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அன்று மாலை நமக்குப் பரிசு கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழ் இப்போது உன் வீட்டில் உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. உன் அம்மா இரண்டுக்கும் ஒரே சரமாகப் பூ வைக்கிறார். இந்த லாரிச் சாலையில் அந்த விபத்து உன்னைக் கொண்டுபோகும்வரை, நீ அந்தச் சுவரொட்டியில் ஒரு எழுத்தைக்கூடச் சந்தேகப்படவில்லை.

மெயிலில் செயலாளர் எழுதியிருக்கிறார்: இந்த வருடக் கூட்டத்தில் உன் நினைவாக ஓர் அமர்வு. நம் ஆய்வு மறுபடி அச்சாகிறது. அதோடு, குப்பத்து ஜனங்களுக்காகத் தமிழில் ஒரு துண்டறிக்கை, படத்தோடு. நான்கு இடத்தில் சிவப்பு. பாலத்தடியில் பச்சை. 'இங்கே இறால் எடுக்கலாம்.' கூட எழுதியவள் என்ற முறையில் வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒப்புதல் தர வேண்டுமாம். படிவத்தில் இரண்டு கட்டம்: மாற்றம் இல்லை, திருத்தம் உண்டு. இரண்டாவதுக்குக் கீழே காரணம் எழுத இடம் விட்டிருக்கிறார்கள்.

அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது குப்பத்துப் பிள்ளைகள் முகம் இல்லை. என் பெண்ணின் வாய். இரண்டு வருடம். நான்தானே ஊட்டினேன், ஓடு உரித்து, சூடு ஆற்றி. பாலத்தடி சுத்தம் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, என் பொய்யை நானே நம்பிவிட்டிருந்தேன். அவள் உடம்பில் எதுவும் ஆகியிருக்காது என்று ஒரு மனது சொல்கிறது. நேற்று அவள் வயிறு வலிக்கிறது என்றது எதனால் என்று இன்னொரு மனது கேட்கிறது. இதை எழுதுகிற நேரத்தில் நான்கு தடவை எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டேன். நாளை மறுநாள் ரத்தப் பரிசோதனை செய்ய டாக்டரிடம் போனில் கேட்டிருக்கிறேன். ஏன் என்று அவர் கேட்டார். வயிற்றுவலி என்று மட்டும் சொன்னேன்.

சொல்லிவிடுகிறேன். சற்று முன் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன். காரணம்: 'பாலத்தடி மாதிரிகள் நீர் ஏறும்போது எடுக்கப்பட்டவை. தவறாகப் பதிவு செய்தது நான். ஆய்வை முன்னின்று எழுதியவருக்கு இது தெரியாது.' கடைசி வரியை மட்டும் மூன்று முறை படித்துப் பார்த்து அனுப்பினேன். பரிசைத் திரும்பக் கேட்கலாம். என்னைச் சங்கத்தை விட்டு நீக்கலாம். தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் என் வேலையும் போகலாம். பொய்யாகப் பதிவு செய்தவளிடம் யார் பாட்டிலைக் கொடுப்பார்கள்? இதெல்லாம் பயம்தான். ஆனால் பெரிய பயம் சமையலறை மேடையில், கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது.

உன் அம்மாவின் தூக்கு. எப்போதும் அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. கொஞ்சம் சர்க்கரையோ, பாப்பா பிறந்தநாள் கேக்கோ போட்டுத்தான் கொடுப்பேன். நாளை காலை அதை எடுத்துக்கொண்டு போகப் போகிறேன், தண்ணீர் வடிந்து அவர் இறங்குவதற்கு முன்னால். எப்போது வடியும் என்று பார்த்து வைத்திருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இதுதான்: எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும், சாக்கடையாக இருந்தால்கூட, எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான் கண் முதலில் தேடுகிறது. நீ எதைக் கண்ணால் பார்க்கச் சொன்னாயோ, அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மாற்றி எழுதினேன்.

அவர் அந்த இடத்தில் நிற்பது எறாவுக்காக மட்டும் இல்லை. அது நீ சொன்ன இடம். அங்கிருந்து அவரை வெளியே வரச் சொல்ல வேண்டும். 'அவள் சொன்னது தப்பு' என்று என் வாயில் வராது. 'நான் அவளிடம் பொய் சொன்னேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என்ன சொல்வது? உட்காரச் சொல்வதா, கையைப் பிடித்துக்கொள்வதா? எப்படிச் சொன்னால் அவர் கேட்பார் என்று உனக்குத்தான் தெரியும்.

காலையில் கிளம்பிவிடுவேன். சீக்கிரம் பதில் போடு.