சந்தனம் ஒட்டிய காசு

9-8-1974, வெள்ளி

இன்று சசியின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தியேட்டர் வாசலில் நிற்கும் எடை மெஷின் ஒரு வாரமாகக் காசை விழுங்கிக்கொண்டிருந்தது. போடும் காசு சரிவில் உருண்டு ஒரு சின்னத் தராசுக் கையில் விழ வேண்டும். கனம் சரியாக இருந்தால் கை தாழும், எடைச்சீட்டு வெளியே வரும். ஆனால் காசு பாதி வழியிலேயே நின்றது. நான் தினமும் எண்ணெய் விட்டேன். பதினோரு வருஷமாக அந்த மெஷினைப் பார்த்துக்கொள்பவன் நான்.

பாறசாலைக்காரன் சசி மெக்கானிக்காகச் சேர்ந்து இரண்டு மாதம்தான். காலையில் மூடியைக் கழற்றினான். சரிவை விரலால் தடவி மோந்து பார்த்தான்.

"சந்தனமாக்கும் அண்ணாச்சி. எண்ணெயும் சேந்து பசையாயிட்டு, கேட்டோ" என்று என் காதருகே சொன்னான். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். அடுத்த காசுக்கே சீட்டு வந்துவிட்டது.

முதலாளி ஓடி வந்தார். "என்ன கேடுடே?"

"கோயிலுக்குப் போயிட்டு வாற ஆளுக கையில உள்ள சந்தனம், முதலாளி."

அவன் முதுகில் தட்டினார். என்னிடமிருந்த மெஷின் சாவியை வாங்கி அவனிடம் கொடுத்தார்.

ஆடி பிறந்ததிலிருந்து தினமும் பழவங்காடிப் பிள்ளையாரைத் தொழுதுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். நெற்றியில் சந்தனம் இட்ட ஈர விரலாலேயே முதல் காசைப் போட்டு மெஷினைச் சோதிக்கிறேன். சசி அதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

பாவி, என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். நிம்மதியாகத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.