நான்காம் பக்கம்

அன்புள்ள தராசுக்கு,

உன் அவசரம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். இல்லையென்றால் உடனே மறுத்து எழுது.

இந்த மாதப் பார்சலில் நாலு படிவங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் இந்தக் கடிதத்தைச் செருகியிருக்கிறேன். போனில் சொன்னால் என்ன என்பாய். போனில் பேசினால் நான் சிரித்து மழுப்பிவிடுவேன், நீயும் போனால் போகிறது என்று விட்டுவிடுவாய். எழுதும்போது அப்படித் தப்பிக்க முடிவதில்லை.

முதலில் நல்ல செய்தி. உன் ஆராய்ச்சிக்குப் பத்தொன்பது பல் முடிந்துவிட்டது. ஒரு கிளினிக்குக்கு முப்பது வேண்டும் என்று நீ கேட்டபோது உன்னை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். நாளைக்கு இருபது பேர் வாயைப் பார்க்கிறவளிடம் போய், ஒப்புதல் கையெழுத்து வாங்கு, படிவம் நிரப்பு, ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டு ஐஸ் வைத்துப் பார் என்றால் எப்படி இருக்கும்? ஆராய்ச்சியெல்லாம் பல்கலைக்கழகத்தில் இருக்கிற பெரியவர்கள் வேலை, நமக்குச் சொத்தையை அடைக்கிற வேலை என்றுதான் இருபத்தாறு வருடம் ஓட்டினேன். இப்போது என்னவென்றால், காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே இன்றைக்கு ஓர் ஆழமான சொத்தை வந்தால் தேவலை என்று இருக்கிறது. ஒரு டாக்டர் படுகிற ஆசையா இது, நீயே சொல்.

நம் கிளினிக் அக்காவைப் பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. பதினெட்டு வருடமாக நமக்குக் கருவி எடுத்துக் கொடுத்தவர், இப்போது உறைகளுக்குக் காவல்காரி ஆகிவிட்டார். நீ அனுப்பிய முப்பது உறைகளையும் இரும்பு அலமாரியில் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டிருக்கிறார். சொத்தையைத் திறந்து பார்த்து, நரம்புக்குப் பக்கம்வரை போயிருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்த எண் உறை வெளியே வரும். ராஜா ஓலையை வாசிக்கிறவர் மாதிரித் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிப்பார். ஒன்று, முழுக்க எடு. இல்லையென்றால், அடியில் விடு. எந்தப் பல்லுக்கு எது என்று என் இஷ்டத்துக்கு விடாமல், நீ குலுக்கிப் போட்ட சீட்டுத்தானே முடிவு செய்கிறது. ஒருநாள் பொறுக்க முடியாமல் நான் உறையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். கையை எடுங்க டாக்டரம்மா, பரீட்சைத் தாளைத் திருட்டுத்தனமா பாக்கற வயசா இது என்று காத்திருந்தவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டார்.

ஆராய்ச்சி என்ற வார்த்தையைக் கேட்டதும் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயந்தேன். ஒருவரும் ஓடவில்லை. உங்கள் பல்லில் அழுகலை முழுக்கச் சுரண்டி எடுப்பதா, நரம்புமேல் மெல்லியதாகக் கொஞ்சம் விட்டு மூடுவதா, எது பல்லை அதிக நாள் உயிரோடு வைத்திருக்கும் என்று எங்களுக்கே நிச்சயமாகத் தெரியாது என்று சொன்னால், டாக்டரே தெரியாது என்கிறாரே என்று மரியாதையாகப் பார்க்கிறார்கள். தபால்காரர் ஒருவர், என் பல்லை வெச்சு உலகத்துக்கு நல்லது நடக்கும்னா இன்னொண்ணையும் சேத்துக்குங்க என்று வாயைத் திறந்து காட்டினார். அது நல்ல பல். வேண்டாம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீட்டில் இவருக்கும் தொற்றிவிட்டது. நேற்று இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து, எதில் சர்க்கரை குறைவு, கண்ணை மூடிக்கொண்டு சொல் என்றார். இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்தேன். இரண்டிலுமே போட மறந்திருந்தார்.

சரி. ஊர்க்கதை போதும். இவள் வரிசையாக நல்ல செய்தி சொல்கிறாள் என்றால் எதையோ ஒளிக்கிறாள் என்று உனக்கு இந்நேரம் பட்டிருக்கும்.

பதினோராம் எண் படிவம். போன மாதப் பார்சலில் வந்ததே, அது. அதில் நான் எழுதியிருப்பதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அது உண்மையும் இல்லை.

தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிற அம்மாவை உனக்குத் தெரியும். நூலைக் கடித்துக் கடித்தே முன்பல்லில் காடி விழுந்திருக்குமே, அவர்தான். கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரிய சொத்தையோடு வந்தார். அடியில் விடு என்றது உறை. அக்கா உரக்கத்தான் வாசித்தார். நானும் தலையாட்டினேன். ஓரங்களைச் சுத்தம் செய்துவிட்டு அடிக்கு வந்தேன். ஈரத் தோல் மாதிரி மெத்தென்று இருந்தது. அங்கே நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, தோண்டின கையும் அப்படித்தான் போலிருக்கிறது. மெத்தென்று எது பட்டாலும் இன்னொரு சுரண்டல் சுரண்டித்தான் என் கைக்குப் பழக்கம். அடியில் கெட்டியாக, கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டால்தான் அதற்கு நிம்மதி. நம் பேராசிரியர் அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டுதானே நமக்கு மார்க் போட்டார். வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். மூன்றாவது சுரண்டலில் ஊசிமுனை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. நரம்பு திறந்துவிட்டது.

அப்புறம் என்ன, வேர் சிகிச்சைதான். கடையை மூடிவிட்டு மூன்று முறை வந்துபோனார், பாவம். சொத்தை ரொம்ப ஆழம்மா, அதனாலதான் இப்படி ஆச்சு என்று அவரிடம் சொன்னேன். ஆழம் என்பது உண்மை. அதனால்தான் என்பது பொய். படிவத்தில் உறை சொன்னதை எழுதினேன், நரம்பு திறந்தது என்று எழுதினேன், வேர் சிகிச்சை என்று எழுதினேன். நடுவில் நான் செய்ததை எழுதவில்லை. உன் பட்டியலில் அது எப்படிப் போய் நிற்கும்? அடியில் விட்டும் பல் பிழைக்கவில்லை என்று நிற்கும். நான் எங்கே விட்டேன்!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். ஆனால் அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு உறையை வாசித்ததும் ஒரு நொடி என் கையைப் பார்க்கிறார். அதைவிட அவர் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உன்னிடம் சொல்ல ஒரு மாதம் ஆகியிருக்கிறது. நாற்பது கிளினிக்கில் ஆறு ஏற்கெனவே கழன்றுகொண்டன, இன்னும் குறைந்தால் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். உறைப்படி நடக்காத கிளினிக்கை நீக்குவார்கள் என்று எங்கோ படித்த ஞாபகம். என் பத்தொன்பது பல்லும் ஒரேயடியாகப் போனால் உனக்கு எவ்வளவு பெரிய அடி என்று யோசித்து யோசித்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நாலு வருடத்துக்கு முன்னால் உன் கை லேசாக நடுங்க ஆரம்பித்த முதல் வாரமே நீ கருவியைக் கீழே வைத்துவிட்டாய். யார் வாயிலும் ஒரு கீறல்கூட விழவில்லை. விழுந்துவிடக் கூடாது என்றே எழுந்து, ஆராய்ச்சி செய்யக் கல்லூரிக்குப் போனாய். நடுங்காத கையை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் இது. உன்னிடம் போய் எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கல்லூரியில் பிளாஸ்டர் பொடியைக்கூட நிறுத்துப் போட்டவள் நீ. எனக்கு நீ அவசரம் என்று பேர் வைத்ததற்குப் பதிலாக உனக்குத் தராசு என்று வைத்ததே நான்தான். அதனால் சிநேகத்தைப் பார்க்காதே. நீக்க வேண்டுமென்றால் நீக்கிவிடு. என் மனசு ஆறிவிடும், கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.

உன் பதிலை எதிர்பார்த்துக்கொண்டு,
அவசரம்


என் அருமைத் தராசுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உறையெல்லாம் அக்காவின் இலாகாதானே என்று அவரிடமே நீட்டிவிட்டேன். அவர் இந்தத் தடவை தொண்டையைக் கனைக்காமல் வாசித்தார்.

முதல் வரியே திட்டு. நீ எந்தக் காலத்துலடீ எதையும் கடைசிவரைக்கும் படிச்சிருக்க என்று ஆரம்பித்திருந்தாய். படிவத்துக்கு நான்காம் பக்கம் என்று ஒன்று உண்டு, உறை சொன்னபடி நடக்காவிட்டால் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று எழுத அதில் பெரிய கட்டமே போட்டிருக்கிறது என்று எழுதியிருந்தாய். நானும் அக்காவும் ஓடிப்போய்ப் பார்த்தோம். இருக்கத்தான் செய்கிறது. அனுப்பிய பத்தொன்பதிலும் அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே பின் அடித்து அனுப்பியிருக்கிறேன்.

நீக்குகிற பேச்சே இல்லை, தையல்காரம்மா அடியில் விடு என்று உறை சொன்ன கூட்டத்திலேயேதான் இருப்பார், நடந்தது நடந்தபடி கூடவே ஏறும் என்றாய். அந்த மாதிரி நேரத்தில் பழகிய கை நிற்குமா நிற்காதா என்பதும் தெரிய வேண்டிய விஷயம்தான், அதற்காகத்தானே கல்லூரிக்குள்ளேயே செய்து முடிக்காமல் உங்களைப் போன்றவர்களின் கிளினிக்கைத் தேடி வந்தோம் என்றும் எழுதியிருந்தாய். அதுவரைக்கும் நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வரியில்தான் ஆட்டம் கண்டுவிட்டேன். ஏழு மாதமாக முப்பத்து நாலு கிளினிக்கிலிருந்து வந்த படிவங்களில் ஒன்றில்கூட நான்காம் பக்கத்தில் ஓர் எழுத்து இல்லை, இத்தனை கையில் ஒன்றுகூடத் தவறவில்லை என்றால் நம்புவதற்கு நான் பச்சைக் குழந்தையா, எல்லாமே பூசி மெழுகின கதையோ என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன், உன் கடிதம்தான் எனக்கு வந்த முதல் நான்காம் பக்கம் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அழுதேன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மாஸ்க்கை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

பேர் சொல்லாமல் என் கதையை நீ எல்லோருக்கும் சுற்றறிக்கையாக அனுப்பியதில், பத்தே நாளில் பதினாலு பேர் எழுதிவிட்டார்கள் என்று கேட்டு அவ்வளவு சந்தோஷம். அதில் ஒருவர், முழுக்க எடு என்று உறை சொன்னதும் நோயாளியின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு அடியில் விட்டுவிட்டாராமே. அவரை நான் பார்க்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் ஓர் ஒழுங்கான டாக்டர் கிடைப்பார்.

தையல்காரம்மாவிடமும் சொல்லிவிடு என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். உன்னிடம் சொன்னது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்தப் பல்லுக்குக் கேப் மாட்ட வந்திருந்தார். மாட்டி முடித்து, நாற்காலியை நிமிர்த்தி, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். நிறுத்த வேண்டிய இடத்தில் என் கை நிற்கவில்லை, அதனால்தான் உங்களுக்கு வேர் சிகிச்சை வந்தது, அன்றைக்குச் சொத்தைமேல் பழி போட்டேன் என்று. அப்போ நீங்க நிறுத்தியிருந்தா பல்லு பிழைச்சிருக்குமா டாக்டரம்மா என்று கேட்டார். தெரியலைம்மா, அதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும் என்றேன். அவர் கோபப்படவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகவே கோபப்பட்டார். அன்னிக்கே சொல்றதுக்கு என்ன என்றார். பயம் என்றேன். கொஞ்ச நேரம் புதுப் பல்லை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம், துணியில கத்திரி தப்பிப் பட்டுட்டா நான் கூப்பிட்டுச் சொல்லிடுவேன் என்றார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, எல்லா தடவையும் இல்லை என்றார்.

போகும்போது ஒன்று கேட்டுக்கொண்டார். என்னை அதுலேருந்து எடுத்துடாதீங்க, நான் பட்ட கஷ்டம் யாருக்காவது ஆகட்டும் என்று. எடுக்க மாட்டார்கள் என்று உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது இங்கே ஒரு புதுப் பழக்கம். அடியில் விடு என்று வந்தால், ஓரம் சுத்தமானதும் அக்கா சுரண்டுகிற கரண்டியைத் தட்டிலிருந்து எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார். நான் பழக்கத்தில் கையை நீட்டுகிறேன், அவர் தலையை ஆட்டுகிறார். இருபத்து மூன்றாவது பல்லில் நான் கையை நீட்டவே இல்லை. அதையும் நான்காம் பக்கத்தில் எழுதலாமா?

தபால்காரர் ஆறு மாதப் பரிசோதனைக்கு வந்தார். அடியில் விட்ட பல். பஞ்சில் ஐஸை ஒற்றிப் பல்லில் வைத்ததும் ஐயோ என்று கத்தினார் பார், நானும் அக்காவும் கைதட்டிவிட்டோம். நான் கத்தறேன், நீங்க கொண்டாடறீங்களா என்று அவருக்கு ஒரே குழப்பம். உங்கள் பல் உயிரோடு இருக்கிறது ஐயா என்று சொன்னதும் அவரும் சேர்ந்து தட்டினார். வெகு நாளைக்கு அப்புறம் வேலை இவ்வளவு பிடித்திருக்கிறது. அதற்கு நீதான் காரணம் என்று ஒருதரம் எழுத்தில் சொல்லிவைக்கிறேன்.

முடிக்கும் முன் ஒன்று. உன் கடிதம் முழுவதும் டைப் அடித்தது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் முத்திரை. நாலு வருடமாக அப்படித்தான் வருகிறது, நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். என் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று நான் உனக்கு எழுதிவிட்டேன். உன் கையைப் பற்றி நீ எனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. டம்ளரைப் பிடிக்கிறதா, பட்டன் போட முடிகிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. கேட்காமல் இருந்தது என் தப்புத்தான்.

அடுத்த பதிலில் ஒரே ஒரு வரி, உன் கையால் எழுதி அனுப்பு. கோணினால் கோணட்டும், கோட்டைத் தாண்டினால் தாண்டட்டும். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்,
அவசரம்