காலி இடத்தைத் தூக்கியவர்கள்

டன்லி, மேற்கு டெக்சஸ்
செப்டம்பர் 4, 2018

அடி ஷெல்பி,

நீயும் உன் டல்லாஸும் சௌக்கியமா? போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், கத்தினால் நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க உனக்கு மனசு வராது.

சியர் சங்கத்தின் புது விதி நேற்று வந்து சேர்ந்தது. ஒருத்தியைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்தி ஆடும் பெரிய சியர் அணிகளில் சேர இதுவரை பத்து வயது நிரம்பியிருந்தால் போதும். இனிமேல் பன்னிரண்டாம். கீழே விதிக்குழுத் தலைவி என்று உன் பெயர். வேறு யாரோ ஷெல்பி என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உன் கையெழுத்தைப் பார்த்தேன்.

மேசியை உனக்குத் தெரியும். போன கோடையில் நீ இங்கே வந்திருந்தபோது உன் மடியில் உட்கார்ந்து பீச் பழம் தின்று உன் பாவாடையைப் பாழாக்கினாளே, அவள்தான். அக்கா ஹார்லி கீழே நின்று தூக்குகிறவள். அக்கா கைமேல் தான் ஏறி நிற்க வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பயிற்சி மெத்தை ஓரத்தில் காத்துக் கிடந்தாள். ஜூலையில் பத்து நிரம்பிய அன்று கேக்கைக்கூட வெட்டாமல் ஜிம்முக்கு ஓடி வந்து நின்றாள். "கோச், எனக்குப் பத்தாயிடுச்சு. தூக்குங்க." கோடை முழுக்கத் தூக்கினோம். மேலே போனதும் அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் ஊர் ஜிம்களில் வயதுக்கு ஓர் அணி இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரு பழைய பருத்திக் கிடங்கும் ஒரே அணியும். பன்னிரண்டு ஆகாதவளை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், குளிர்பெட்டியிலா?

எங்கள் முதல் போட்டி ஞாபகம் இருக்கிறதா? ஒலிபெருக்கியில் "டன்லி, ஜீரோ" என்றதும் நம் பாஸ்டர் கண்ணீரோடு வந்து பிள்ளைகளைத் தேற்றினாரே. பிழைக்கென்று ஒரு மார்க்கும் கழிக்கவில்லை, அதுதான் ஜீரோ, அதைவிடப் பெரிய பாக்கியம் எங்களுக்கு இல்லை என்று அந்த மனுஷருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த வருடமும் ஜீரோ வாங்கத்தான் வருகிறோம், மேசியோடு. எங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு கொடு.

பள்ளி சியர் அணியில் நாலு வருடம் உன்னைத் தூக்கி, உன் காலைப் பிடித்து நின்றவள்,
ரோண்டா


டல்லாஸ்
செப்டம்பர் 17

அன்பு ரோண்டா,

இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் நீ கத்துவது கேட்டது. முட்டிவலி எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனாயா, இல்லை வழக்கம்போலக் களிம்புதானா?

விலக்கு கிடையாது. உனக்குக் கொடுத்தால் மாநிலத்தில் இருக்கிற ஒவ்வொரு ஜிம்மும் என் வாசலில் வந்து நிற்கும்.

காரணத்தையும் சொல்கிறேன், கேள். இந்த வசந்தத்தில் ஒரு போட்டியில் பத்து வயதுப் பெண் ஒருத்தி மேலிருந்து விழுந்தாள். தூக்கியவர்கள் எல்லாம் வளர்ந்த பெண்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். "இது எந்த ஊரு?" என்று கேட்டாள். சொன்னேன். மறுபடி அதையே கேட்டாள். தலையில் கட்டியிருந்த பெரிய ரிப்பன் மட்டும் கலையாமல் அப்படியே இருந்தது. பிழைத்துவிட்டாள், ஆனால் என்னால் அதை மறக்க முடியவில்லை. பத்து வயதில் பயம் தெரியாது, ரோண்டா. விழும்போது உடம்பை எப்படிச் சுருக்குவது என்றும் தெரியாது.

உன் அணியில் இருக்கிற கெய்லினை மேலே ஏற்று. சின்ன உடம்புக்காரி, பதினான்கு வயது, திறமையும் இருக்கிறது. மேசியின் வயதைக் கூட்டிச் சொல் என்று ஊரில் யாராவது உனக்கு ஓதுவார்கள். தயவுசெய்து காதில் வாங்காதே.

கோபப்படு, ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

உன்
ஷெல்பி


டன்லி
அக்டோபர் 10

ஷெல்பி,

களிம்புதான். உனக்கென்ன.

நீ சொன்னபடியே ஆயிற்று. மேசியின் அப்பா வேட் வந்து, "பொறந்த வருஷத்தை அங்க எவன் நோண்டிப் பார்க்கப் போறான், ரெண்டு வயசு கூட்டிச் சொல்லிடு" என்றார். வந்த வழியே போகச் சொன்னேன். உன்னோடு சண்டை போடுவதாக இருந்தால் முகத்துக்கு நேராகப் போடுவேன், திருட்டுத்தனமாக அல்ல. இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாய்.

அந்தப் பெண் விழுந்ததை எழுதியிருந்தாய். ஆனால் அவளைக் கீழே நின்றவர்கள் ஏன் பிடிக்கவில்லை என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, எத்தனை நாள் பழகினார்கள் என்று உன் விதி கேட்கவே இல்லை. வயதை மட்டும் கேட்கிறது. கேட்பதற்குச் சுலபமானது அதுதானே.

பிள்ளைகளை உட்காரவைத்து, மேசி வர முடியாது, கெய்லின் ஏறட்டும் என்றேன். கெய்லினும் ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்போது மேசி எழுந்தாள். அழவில்லை.

"என்னை விட்டுட்டுப் போங்க, பரவாயில்லை. என் இடத்துல மட்டும் வேற யாரையும் ஏத்தாதீங்க."

பிடிவாதம் பிடிக்கிறாள், சரியாகிவிடும் என்று நினைத்தேன். கெய்லின் ஷூவை அவிழ்த்துவிட்டாள். ஹார்லி என்னைப் பார்த்து, "காலியாவே தூக்குறோம் கோச்" என்றாள். ஒருத்திகூட மறுக்கவில்லை.

ஆகவே டிசம்பரில் வருகிறோம். மேசி இருந்தால் என்னென்ன செய்வோமோ அத்தனையும் செய்வோம், மேலே ஆள் மட்டும் இருக்காது. உன் விதிகளை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டேன். ஆளில்லாத இடத்தைத் தூக்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

ரோண்டா


டல்லாஸ்
அக்டோபர் 22

ரோண்டா,

வேண்டாம். கடினமான தூக்கல்களுக்கு மார்க்கே விழாது, கடைசியில்தான் வருவீர்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து அரங்கமே சிரித்தால் என்ன செய்வாய்? உன் ரோஷத்துக்கு அவர்கள் ஏன் அவமானப்பட வேண்டும்?

அன்றைக்குப் பிழை எழுதும் மேஜையில் உட்காரப்போவது நான்தான். வேறு யாரையாவது போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார்கள். என்னை அந்த நிலைமையில் நிறுத்தாதே.

ஷெல்பி


டல்லாஸ்
டிசம்பர் 10

என் ரோண்டா,

நீ பதில் போடவில்லை. அரங்கிலும் என் பக்கம் திரும்பவே இல்லை. நீ சுட்டுக் கொண்டுவந்த பிரிஸ்கட் இறைச்சியின் வாசனை மட்டும் தேநீர் அறைவரை வந்தது. எல்லா அணிக்கும் கொடுத்தாயாமே, என்னைத் தவிர.

யாரும் சிரிக்கவில்லை. தெரிந்திருக்கும், ஆனாலும் நான் இருந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பாட்டு எழும்பியதும் தூக்குகிற நாலு பேரும் குனிந்து, கைகோத்து, தோள்வரை கொண்டுபோய், ஒரே வீச்சில் தலைக்குமேல் உயர்த்தினார்கள். இல்லாத ஷூவைச் சுற்றி விரல்கள் வளைந்திருந்தன. கனமே இல்லை, ஆனால் அத்தனை தோளும் கனத்தைத் தாங்கி நின்றது. மேசி மெத்தை ஓரத்தில் சீருடையும் ரிப்பனுமாக உட்கார்ந்து, உதட்டை அசைத்துத் தாளம் எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாதம் கூசியது. நம் பள்ளி மைதானத்தில் உன் கை இருந்த அதே இடத்தில்.

இரண்டாவது தூக்கலில் ஹார்லியின் வலது மணிக்கட்டு மடங்கியது. நீயும் பார்த்தாய். மேலே மேசி இருந்திருந்தால் அந்தப் பக்கமாகத்தான் சரிந்திருப்பாள்.

மேலே யாரும் இல்லை, யாரும் விழவில்லை. ஆகவே பிழை இல்லை. ஜீரோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் கடைசி இடம்தான். ஆனால் அன்றைக்கு ஜீரோ வாங்கியது உங்கள் அணி மட்டும்தான்.

விதி மாறாது. அந்த மணிக்கட்டைப் பார்த்த பிறகு மாற்றச் சொல்லி நீ என்னைக் கேட்கவும் மாட்டாய் என்று நினைக்கிறேன். ஆனால் நீ என்னோடு பேசாமல் இருந்தால் என்னால் தாங்க முடியாது. இதையும் சொல்லிவிட்டேன்.

ஷெல்பி


டன்லி
டிசம்பர் 20

அடி ஷெல்பி,

பிரிஸ்கட் உனக்கும் எடுத்து வைத்திருந்தேன். கொடுக்க மனசு வரவில்லை. திரும்பி வரும் வழியில் வேட் தின்று தீர்த்துவிட்டார்.

ஒலிபெருக்கியில் "டன்லி, ஜீரோ" என்றதும் முதலில் எழுந்து கைதட்டியது யார் தெரியுமா? நம் பாஸ்டர். இந்தத் தடவை பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்களுக்கு அவர்தான் விளக்கம் சொன்னார்.

ஹார்லியின் மணிக்கட்டைப் பார்த்தேன். நீ பார்த்ததையும் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி என்று என் வாயிலிருந்து வராது, காத்திருக்காதே. பன்னிரண்டு வயதுக்காரி மேலே நின்றாலும் அந்தக் கை மடங்கியிருக்கும். உன் விதி ஓடி வந்து பிடித்திருக்குமா? விழுகிறவளைப் பிடிப்பது கீழே நிற்கிறவளின் கைதான். நான் இதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

ஆனால் வேனில் மேசி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோச், நான் மேல இருந்தா விழுந்திருப்பேனா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளையிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை. ஆமாம் என்றேன். முன் இருக்கையில் இருந்த அக்காவின் கையை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப அடுத்த வருஷமும் காலியாவே தூக்குங்க. அக்கா கை சரியாகட்டும்."

எனவே அடுத்த வருடமும் வருகிறோம். அதே ஓட்டையோடுதான். கடைசி இடத்தை எங்களுக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல், எங்களுக்கு வெட்கமில்லை.

அதற்கடுத்த வருடம் ஜூலையில் மேசிக்குப் பன்னிரண்டு நிரம்பும். அன்றைக்கும் கேக்கை வெட்டமாட்டாள், நேரே ஜிம்முக்குத்தான் ஓடி வருவாள். ஹார்லி அதற்குள் பள்ளியை முடித்துக் கிளம்பிவிடுவாள். கீழே வலது பக்கம் ஓர் இடம் காலியாகும்.

நீ வாழ்நாளில் ஒருதடவைகூடக் கீழே நின்றதில்லை, ஷெல்பி. எப்போதும் என் கைமேல்தான் நின்றாய், அப்புறம் நேரே மேஜைக்குப் போய்விட்டாய். அந்த ஜூலையில் இங்கே வா. ஹார்லியின் இடத்தில் நில். ஒரு பிள்ளையின் கால் உன் கையில் வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று பார். மேசிக்கு அப்போது வயது சரியாக இருக்கும், உன் விதிக்கும் குறை வராது.

வரமாட்டேன் என்று சொல்லிவிடாதே. நீ வரும்வரை அந்த இடத்தில் வேறு யாரையும் நிறுத்தமாட்டேன்.

உன் காலைப் பிடித்தவள்,
ரோண்டா