வெள்ளிக்கிழமைக் கையெழுத்துக்கு முன்

கிளை நூலகம், துடியலூர்,
சனிக்கிழமை மாலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

கயல்விழி எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உண்மையாக, ஒன்றையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். என் தப்பையும் சேர்த்துத்தான். போனில் நாம் பேசுவது எப்போதும் ஸ்பீக்கரில், அம்மா பக்கத்திலேயே இருப்பார். வாட்ஸ்அப்பும் அம்மாவின் போனில்தான். அதனால்தான் கடிதம். உங்கள் அறையில் தங்கியிருக்கும் சசிதர் அண்ணா லீவு முடிந்து நாளை போலந்துக்குக் கிளம்புகிறார். காலையில் பார்சல் வாங்க வரும்போது, பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் இதை வைத்துவிடுவேன். முதலில் இதைப் படியுங்கள். பொடியை அப்புறம் திறக்கலாம்.

எல்லோரும் சுகம். தங்கை இனியாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஒன்றாம் வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவள் அவள்தானாம். போன ஞாயிறு போனில் உங்களிடம் "நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா" என்று கேட்டாளே, பிள்ளைக்கு மரியாதை வந்துவிட்டது என்று அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கவனித்ததை எழுதுகிறேன். அம்மாவிடமும் என்னிடமும் அவள் "நீ, வா, போ" என்றுதான் பேசுகிறாள். சர்ச்சுக்குப் புதிதாக வந்திருக்கும் போதகரிடமும் உங்களிடமும் மட்டும்தான் "ங்க" போடுகிறாள்.

அம்மா தினமும் காலையில் உங்கள் வண்டியை வெளியே தள்ளி, ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மறுபடி உள்ளே நிறுத்துகிறார். பேட்டரி இறங்கிவிடுமாம். முக்குக்கடை மெக்கானிக் பீர் முகம்மது மாமா, "ஏனுங்க அக்கா, வண்டி ஓட்டறதுக்குங்க. நீங்க பாட்டுக் கேக்கற மாதிரி கேட்டுப்போட்டு உள்ள வெக்கறீங்களே" என்று கேலி செய்தார். "பெட்ரோல் நான்தானுங்க போடறேன், உங்களுக்கு என்னுங்க" என்று அம்மா திருப்பிக் கொடுத்தார். அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும். தையல் யூனிட்டுக்கு டவுன் பஸ்ஸில்தான் போகிறார்.

இனி முக்கியமான செய்தி. புதன்கிழமை உங்கள் பழைய முதலாளி, லேத் பட்டறை அரங்கசாமி ஐயா, நம் வீட்டுக்கு வந்தார். எப்போதும் ரோட்டில் நின்று ஹாரன் அடிப்பவர், அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நம் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். அவர் மகன் வம்சி அண்ணாவுக்குக் கனடாவில் குடியுரிமை கிடைத்துவிட்டதாம். கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் காட்டினார். "ரெண்டு வருசமா லேத்துக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கறேன், பையன் வந்து பார்த்துக்குவான்னு. இனி அவன் வரமாட்டானுங்க அம்மணி" என்றார். பம்ப் ஷாஃப்ட் ஆர்டர் ஒன்று வந்திருக்கிறதாம். நீங்கள் வந்து பட்டறையைப் பொறுப்பெடுத்து நடத்தினால் இரண்டு லேத்தையும் விற்காமல் வைத்துக்கொள்வாராம். இல்லாவிட்டால் அடுத்த சனிக்கிழமை அவற்றை வாங்கி ஏற்றிப்போக ராஜ்கோட்காரர் லாரி கொண்டுவருகிறார். "பிரான்சிஸ் வருவாப்லயான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

பரீட்சையில், மக்கள் ஏன் நாடு விட்டு நாடு போகிறார்கள் என்ற கேள்விக்குத் தள்ளும் காரணிகள், இழுக்கும் காரணிகள் என்று பிரித்து எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் நான். வேலையின்மை, போர், வறட்சி, நல்ல சம்பளம் எல்லாம் எழுதினேன். வம்சி அண்ணா கனடா போனதால் ஐயா தனியாக முடியாமல் பட்டறையைச் சாத்தினார், பட்டறையைச் சாத்தியதால் நீங்கள் போலந்து போனீர்கள் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஒருவர் போவதே இன்னொருவரைத் தள்ளும் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். "புக்குல இருக்கறதை எழுதும்மா" என்றார்.

அரங்கசாமி ஐயாவுக்கு அம்மா சொன்ன பதிலைக் கேளுங்கள். "அவங்க அங்க நல்லா செட்டில் ஆயிட்டாங்கய்யா. நாங்க கூப்பிட்டா நல்லா இருக்காதுங்க" என்றுவிட்டார். அவர் போன பிறகு நான் சண்டை போட்டேன். "இன்னும் ரெண்டு வருசம் அங்க வேலை பாக்கறதுக்குக் கையெழுத்துப் போடற நேரத்துல இதைச் சொல்லிக் கொழப்பக் கூடாது கண்ணு. பனியில நின்னு எப்படிச் சிரிக்கறாங்க பாரு, அவங்களுக்கு அங்கதான் புடிச்சிருக்குது" என்று உங்கள் படத்தைக் காட்டினார். போனில் உங்களிடம் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். கடிதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இது நேர்மையான வாதமில்லை என்று எனக்கும் தெரியும். சசிதர் அண்ணா கிளம்பியதும் நானே அம்மாவிடம் ஒப்புக்கொண்டுவிடுவேன்.

மறுநாள்தான் சசிதர் அண்ணா நீங்கள் கொடுத்தனுப்பிய சாக்லெட்டைக் கொண்டுவந்தார். அம்மா உள்ளே இருந்தபோது, அப்பாவுக்கு அங்கே நிஜமாகவே பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "உங்கப்பா இன்னும் என்ர பழைய ஜாக்கெட்டைத்தான் போட்டுட்டு இருக்கறாரு. புதுசு வாங்குங்கன்னா, ஊருக்குப் போற ஆளுக்கு எதுக்குங்கன்னு கேக்கறாரு" என்றார். அந்தப் பனிப் படத்தைப் பதினோரு முறை எடுத்தீர்களாமே? பத்துப் படத்தில் முகம் சரியில்லை என்று நீங்களே அழித்தீர்களாமே? அப்புறம் சொன்னார்: "வந்துரட்டுமா, இருக்கட்டுமான்னு போன மாசம் உங்கம்மாகிட்டக் கேட்டாரு. உங்க இஷ்டமுங்கன்னு சொல்லிப்போட்டாங்க. ரெண்டு நாள் அவரு சரியாச் சோறே திங்கல அம்மணி."

அந்தப் பேச்சின்போது நானும் இருந்தேன் அப்பா. "உங்க இஷ்டமுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் "சரிங்க, அப்படியே ஆகட்டும்" என்றீர்கள். அதன் பிறகு அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் கஷ்டப்படுத்தக் கூடாது என்று, இருவருக்குமே வேண்டாத ஒன்றை மரியாதையாகப் பேசி முடித்துவிட்டீர்கள்.

என் தப்பு இது. என் பிறந்தநாளுக்கு மறுநாள், ஒரே ஒரு முறை அம்மா பக்கத்தில் இல்லாமல் குளிக்கப் போயிருந்தபோது, "அப்பா வந்துரட்டுமா கண்ணு?" என்று என்னிடம் மட்டும் கேட்டீர்கள். "லேப்டாப் வாங்கிக் குடுத்துட்டு வாங்கப்பா" என்றேன். வகுப்பில் ஹர்ஷிணி வைத்திருக்கிறாள் என்ற ஆசை. இன்னொன்றும் உண்டு. அப்பா போலந்தில் இருக்கிறார் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பிடித்திருந்தது. நீங்கள் சிரித்துவிட்டு "சரிங்க அம்மணி" என்றீர்கள். லேப்டாப் மேல் இப்போது ஆசையில்லை என்றால் பொய்யாகிவிடும். ஆனால் அதைவிட நீங்கள் வேண்டும்.

நீங்கள் வந்தால் வருமானம் குறையும் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்த ஆர்டர் எத்தனை மாதம் நிற்கும் என்று தெரியாது என்று ஐயாவே சொன்னார். அம்மா தையல் யூனிட்டை விடப்போவதில்லை. சூப்பர்வைசர் ஆக்கப்போகிறார்களாம், அதில் அவருக்கு ரொம்பச் சந்தோஷம். அதனால் நீங்கள் வந்தால் இட்லிக்கு மாவாட்டும் வேலை உங்களுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும் என்று சசிதர் அண்ணா சொன்னார். இந்தக் கடிதம் திங்கட்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். அரங்கசாமி ஐயாவின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முதலில் அவரிடம் பேசுங்கள். பிறகு அம்மாவைக் கூப்பிடுங்கள். அம்மாவிடம் எதையும் கேட்காதீர்கள். கேட்டால் மறுபடி "உங்க இஷ்டமுங்க" என்றுதான் சொல்வார். "வாரேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் முடிவு எதுவானாலும் எங்களுக்குச் சரி என்று எழுதித்தான் முடிக்க நினைத்தேன். எழுதி, அடித்துவிட்டேன். ஆண்டவர் உங்களை அந்தக் குளிரில் காத்து, பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். வாங்கப்பா.

உங்கள் செல்ல மகள்,
பி. கயல்விழி,
பத்தாம் வகுப்பு.

கடைசி வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "சாத்தற நேரமாச்சுங்க அம்மணி" என்று நூலகர் அழகிரிசாமி ஐயா மூன்று முறை சொல்லிப் பார்த்தார். இப்போது விளக்கை அணைத்துவிட்டார்.