இடது விலாத் தழும்பு

சேசு மரி சூசை துணை

புந்தோங், ஈப்போ
3 நவம்பர் 1980

அன்பு மகன் ஆம்புரோசுக்கு, அம்மா கெர்ட்ரூட் ஆசீர் கூறி எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை பெட்ரீசியாவும் சுகமாக இருக்கிறோம். இங்கிலாந்தில் குளிர் தொடங்கியிருக்கும். நான் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பத்திரப்படுத்தாமல் உடம்பில் போட்டுக்கொள்.

நேற்று கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் புல் பறித்து, வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். மழை ஒன்றையும் எரியவிடவில்லை. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வந்தபோது, மரியஜோசப்பைப் போல ஒரு தகப்பனை இந்தப் பங்கில் தான் பார்த்ததில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பெட்ரீசியா அழுதாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நிமோனியாவுக்குப் புதிதாக ஒரு தடுப்பூசி, அதைச் சோதிக்க நல்ல உடம்புள்ள ஆட்கள் வேண்டும், நீயும் பெயர் கொடுத்திருக்கிறாய். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கே தெரியாது. உனக்கு ஊசி போட்டாகிவிட்டது. அடுத்தது எல்லார் மூக்கிலும் உயிருள்ள கிருமியைச் சொட்டு விடுவார்கள். நல்ல உடம்பில் அது மூக்கோடு நின்றுவிடும் என்கிறாய். நல்லவன் மூக்கில் நோயை விடுகிற டாக்டரை நான் இந்த வயது வரை கேள்விப்பட்டதில்லை. நர்ஸ் படிப்புக்கு அனுப்பினால் நீயே போய்க் கட்டிலில் படுத்துக்கொள்கிறாய்.

தோட்டத்து லயத்து வீட்டில் இதே நிமோனியா மார்ச்சளி வந்து இறந்துபோன உன் குட்டித் தங்கை ரோசரியை நினைத்துத்தான் பெயர் கொடுத்தேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறாய். அதற்குமேல் உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், மறக்காமல் பதில் எழுது. அந்த டாக்டர் உன் சட்டையைக் கழற்றிப் பார்த்தாரா? இடது விலாவுக்குக் கீழே இருக்கும் தழும்பைப் பற்றிக் கேட்டாரா? நீ என்ன சொன்னாய்?

அம்மா எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாள் என்று சிரிப்பாய். நீ ஒரு தும்மல் போட்டாலும் உன்னைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்தக டிரஸ்ஸரிடம் ஓடி பெனிசிலின் ஊசி போட வைத்தவள்தான் நான். போன வருடம் நீ மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதாக எழுதியதும், ‘அம்மா சாகக் கிடக்கிறாள்’ என்று தந்தி அடித்தவளும் நான்தான். அன்றைக்கு நான் மார்க்கெட்டில் கெம்போங் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது தெரிந்ததும், இனி உங்கள் தந்தி எதையும் நம்பமாட்டேன் என்று எழுதினாய். சிரித்துக்கொள். பதில் மட்டும் உடனே எழுது. என் அடுத்த கடிதம் வரும்வரை மூக்கில் எதையும் விடச் சம்மதிக்காதே.

தேவதாய் உன்னைக் காப்பாளாக.

அம்மா


புந்தோங், ஈப்போ
24 நவம்பர் 1980, திங்கள்

ஆம்புரோஸ்,

உன் பதில் இன்று காலைத் தபாலில் வந்தது. நீ எழுதி ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. புதன்கிழமை சொட்டு விடப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். இன்று திங்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

தழும்பைப் பற்றிக் கேட்டார்கள், ஐந்து வயதில் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து குடல் கிழிந்தது, தைத்தார்கள் என்று சொன்னேன், டாக்டர் எழுதிக்கொண்டு முதுகில் தட்டிக்கொடுத்தார் என்கிறாய்.

நீ மரத்திலிருந்து விழவில்லை, மகனே.

காலையில் செய்ததை முதலில் சொல்கிறேன். உன் ஹாஸ்டலுக்கு டெலிபோன் போட்டோம். அங்கே நடுராத்திரி, காவலாள்தான் எடுத்தார். சோதனைக்காரர்களைத் தங்க வைக்கும் வீட்டுக்கு நீ போய்விட்டாய், அங்கே உள்ள நம்பர் தனக்குத் தெரியாது என்றார். பிறகு தந்தி ஆபீசுக்குப் போய், ‘சொட்டு வேண்டாம், அம்மா’ என்று உன் கடிதத்தில் இருந்த அந்த வீட்டு விலாசத்துக்கு அடித்தேன். கவுண்டரில் நம் கோவில் பாட்டுக்குழு செபாஸ்டியன் இருந்தான். “என்னாக்கா, தம்பி டாக்டருங்க பக்கத்துலயேதானே இருக்கான், ஒன்னும் ஆவாது லா. காரணம் ஏதும் போடவா?” என்று கேட்டான். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தந்தியைப் படித்து நீ சிரிப்பாய் என்று தெரிந்தேதான் வந்தேன்.

இப்போது காரணத்தை எழுதுகிறேன்.

1962-இல் தோட்டத்தில் ஒரு சம்பள நாள். மலேரியாக் காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் நீ எழுந்து நடந்தாய். விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி, தொட்டால் கையில் தட்டுப்படும். அப்பா கள்ளுக்கடையிலிருந்து வந்தார். நீ ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாய். அவர் உன்னைத் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டார் என்று எழுதியது பொய். உதைத்தார். பூட்ஸ் காலால் ஒரே உதை. நீ அழக்கூட இல்லை. உதடு மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது.

தோட்டத்து லோரியில் பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெடித்துப்போன மண்ணீரலை முழுக்க எடுத்துத்தான் உன்னைப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு காகிதம் கொடுத்தார். இந்தப் பிள்ளையின் இரத்தத்தில் கிருமி ஏறினால் தடுத்து நிறுத்த உள்ளே எதுவும் இல்லை, காய்ச்சல் என்றால் அந்த நேரமே ஊசி போட வேண்டும், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்ட வேண்டும் என்று டிரஸ்ஸர் தமிழில் விளக்கினார். மார்ச்சளிக் கிருமிதான் எல்லாவற்றிலும் ஆபத்து என்று தனியாகச் சொன்னார். அந்தக் கிருமியைத்தான் நீ கேட்டு வாங்கப் போகிறாய்.

அப்பா அன்றைக்கே தோட்டத்துச் சின்னக் கோவிலில் மாதா சுரூபத்தின் காலைப் பிடித்துச் சத்தியம் செய்தார், என்னையும் செய்யச் சொன்னார். அவர் இனிக் கள்ளைத் தொடுவதில்லை. நான் பிள்ளையிடம் சொல்வதில்லை. மறுநாள் அந்த ரம்புத்தான் மரத்தை வெட்டிச் சாய்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். உனக்கு அந்த நாள் நினைவில் இல்லை, நாங்கள் சொன்ன மரத்தையே நம்பி வளர்ந்தாய். சாகும்வரை பதினான்கு வருடம் ஒரு சொட்டுக்கூட அவர் வாயில் படவில்லை. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டே திரிந்தார். எனக்கு அவர்மேல் கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. என் சத்தியத்தை இன்று மீறுகிறேன்.

காகிதம் எங்கே என்று கேட்பாய். அவரைப் பெட்டியில் வைத்தபோது கையில் ஜெபமாலை சுற்றினோம் இல்லையா, அதற்கு அடியில் மடித்து வைத்தேன். அந்தப் பாவம் அவரோடு போகட்டும், உனக்கு நல்ல தகப்பன் மட்டும் மிஞ்சட்டும் என்று நினைத்தேன். நீ வளர்ந்துவிட்டாய், இனி அது எதற்கு என்றும் நினைத்தேன். அதன்மேல் நின்றுதான் இந்த மாதம் மெழுகுவர்த்தி ஏற்றினேன். போன கடிதத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். உன்னைக் கேள்வி கேட்டுவிட்டு, நல்ல பதில் வரும் என்று மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன்.

எழுதும்போதுதான் புத்தி வருகிறது. ஆபீஸ் மூடுவதற்குள் மறுபடி போகிறேன். செபாஸ்டியனிடம் சொல்லி ஆங்கிலத்தில் எழுத வைப்பேன்: மரத்திலிருந்து விழவில்லை. அப்பா உதைத்தார். மண்ணீரல் எடுத்துவிட்டார்கள். டாக்டரிடம் காட்டு. மண்ணீரல் என்று மட்டும் போட்டால் அம்மா மறுபடி கதை கட்டுகிறாள் என்பாய். அப்பாவைப் பற்றி நான் அப்படிக் கதை கட்டமாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் பங்கு முழுக்கப் பரவிவிடும். பரவட்டும்.

அந்தத் தந்தியும் பிந்திவிட்டால் இந்தக் கடிதத்தோடு டாக்டரிடம் ஓடு. நடுக்கமோ தலைவலியோ, விடியட்டும் என்று காத்திருக்காதே. மீதியை நீ படித்த படிப்பு சொல்லும். ரோசரியை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து மண்ணுக்குக் கொடுத்தேன். இன்னொன்று கொடுக்க என்னால் ஆகாது.

அப்பாவை வெறுப்பாய். மறைத்து வைத்த என்னை அதைவிட வெறுப்பாய். ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும், மகனே. அந்த ஆயுசு முழுக்க எங்களை வெறுத்தாலும் சரி.

அம்மா கெர்ட்ரூட்