நீங்கள் டீ குடிக்கும் காட்சி

செம்பூரில் எங்கள் பில்டிங்குக்குப் பின்னால் ஒரு கல்யாண ஹால் இருக்கிறது. இன்று காலை அங்கே ஒரு ஜெனரேட்டர் வண்டி வந்து நின்றது. டீசல் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்க எழுந்துவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது, அந்த வாடையோடு எங்கள் வீட்டுக்கு வர இனி யாரும் இல்லை என்று. இவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பக்கம் புரளவில்லை. இவருக்கும் அந்த வாடை அடித்திருக்கும்.

பேச ஆள் இல்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி வந்து தாதர் ஸ்டேஷனில் இறங்கியபோது என் பெட்டியை வாங்கிக்கொண்டவர் நீங்கள்தான். இவரோடு தாராவியில் ஒரே ரூமில் இருந்தவர், சினிமா ஷூட்டிங்குக்கு ஜெனரேட்டர் வேன் ஓட்டுகிறவர் என்று இவர் சொன்னார். இவருக்குக் குர்லாவில் லேத் பட்டறையில் வேலை. எங்களுக்காக ரூமை விட்டுக்கொடுத்துவிட்டு நீங்கள் இரண்டு சந்து தள்ளிப் போனீர்கள். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். நீங்கள் என்னை மதினி என்று கூப்பிட்டீர்கள். நான் உங்களை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைசிவரை "இந்தா பாருங்க"தான்.

எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இவருக்கு மஞ்சள்காமாலை வந்திருந்தபோது நீங்கள் தினமும் வந்தீர்கள். ஒருநாள் சாத்துக்குடியைச் சுளை சுளையாகப் பிரித்து, தோலையும் விதையையும் எடுத்துவிட்டு இவர் வாயில் வைத்தீர்கள். நான் கொடுத்த கஞ்சியைச் சுவரைப் பார்த்தபடி குடித்த மனுஷன், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவ்வளவுதான். வேறொன்றையும் நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியும் இருக்கவில்லை.

அதற்குள் மகள் பிறந்திருந்தாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அடிக்கிறாரா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். குடிக்கிறாரா? இல்லை. வேற பொம்பளை? அதுவும் இல்லை. "அப்பம் என்னட்டி உனக்குக் கொற?" என்றாள். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதற்கப்புறம் நீங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. விடிகாலையில் நான் தண்ணீர் பிடிக்கப் போனால் சந்து முனையில் நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள், எங்கள் கதவைப் பார்த்தபடி. ஒருநாள் பொறுக்க முடியாமல் உங்களிடம் வந்தேன்.

"வாரதா இருந்தா நேரா வாங்க. வாசல் வழியா வாங்க. இப்பிடி ஒளிஞ்சு நிக்காதீங்க, பாக்க எனக்கே ஒருமாதிரி இருக்கு."

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். "என்ன வெறுக்கியளா மதினி?"

"வெறுக்கதுக்கு நேரம் எங்க இருக்கு? தண்ணி வந்துட்டு. அந்தக் குடத்தத் தூக்குங்க."

நீங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தீர்கள். நம்முடைய ஏற்பாடு அன்றைக்கு ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மீன் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். நாங்கள் செம்பூருக்கு மாறிய பிறகும் அது நிற்கவில்லை. நடுவில் சில நாள் இவர் பட்டறையிலிருந்து நேராக உங்கள் ரூமுக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் டிபன் டப்பாவில் இரண்டு பேர் சாப்பாடு வைப்பேன். இதைப் பெருந்தன்மை என்று நீங்கள் சொல்வதுண்டு. இல்லை. எனக்கு அலுப்பு. சண்டை போட வேண்டிய வயதில் ரேஷன் வரிசையில் நிற்கத்தான் தெம்பு இருந்தது. சில ராத்திரிகள் அழுதிருக்கிறேன், அது உங்களுக்குத் தெரியாது. ஆனால் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் நீங்கள். ஷூட்டிங் கதைகளைச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தவரும் நீங்கள்தான். இவரோடு இருந்து நான் சிரித்ததைவிட உங்களோடு சிரித்தது அதிகம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னீர்கள்.

"மதினி, ரெண்டு ஆம்பளைங்க கதைய எடுக்காங்க. லவ் கதை. அதுல ஒருத்தனுக்குப் பொண்டாட்டி வேற இருக்கா."

இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான்தான் கேட்டேன். "கடைசில என்ன ஆவுது?"

"ரெண்டு பேரும் போயிருதானுவ. மலைல ஒரு வீட்டுல இருக்கானுவ."

"பொண்டாட்டி?"

"அவ ரெண்டு சீன்ல அழுவா."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"மலைல தண்ணிக்கு என்ன செய்வானுவளாம்?" என்றேன். நீங்கள் புரையேறும்வரை சிரித்தீர்கள். இவரும் சிரித்துவிட்டார். பிறகு நீங்கள் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னீர்கள்: "ஆள் பத்தலன்னு என்னையும் நிக்க வச்சாங்க. ஸ்டேஷன் சீன். டீ குடிக்கேன். படம் வரட்டும், எல்லாருமா போயிப் பாப்போம்."

படம் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். வேனை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். உங்கள் அண்ணன் உங்களைப் பாண்டுப்பில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். நாங்கள் போனபோது வாய்க்கரிசி போட ஆரம்பித்திருந்தார்கள். "சொந்தக்காரங்க மட்டும் வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இவர் வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றுவிட்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் உங்கள் அண்ணன் முன்னால் நின்றேன்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரையும் கூப்பிடுங்க."

"கூட ரூம்ல இருந்தவருக்கு என்னம்மா முறை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எம்மக அவரச் சித்தப்பான்னுதான் கூப்பிட்டா. அப்பம் இவருக்கு அவரு தம்பி. முறை இருக்கு" என்றேன்.

உங்கள் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. பிறகு நகர்ந்து வழிவிட்டார். இவர் வந்து குனிந்து அரிசியைப் போட்டார். போட்ட கையை உங்கள் உதட்டிலிருந்து எடுக்கவில்லை. நான்தான் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். இவர் அழவில்லை. அதற்கப்புறம் வந்த மாதங்களிலும் அழவில்லை. பட்டறைக்குப் போனார், வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்காமல் படுத்துக் கிடந்தார்.

போன மழைக்காலத்தில் படம் வந்தது. மகள்தான் கண்டுபிடித்தாள். ஐரோலியில் அவள் ஆபீஸில் யாரோ அதைப் பற்றிப் பேசினார்களாம். அவளுக்கு எல்லாம் தெரியும். எப்போது தெரிந்தது என்று நான் கேட்டதில்லை. அவளே டிக்கெட் எடுத்து எங்களைக் குர்லாவுக்குக் கூட்டிப்போனாள். மதியக் காட்சி, பாதிக்கு மேல் காலி. முன்னால் உட்கார்ந்திருந்த காலேஜ் பிள்ளைகள் அந்த இரண்டு ஆண்களும் கட்டிப்பிடித்தபோதெல்லாம் சிரித்தார்கள். பொண்டாட்டியாக நடித்தவள் பாத்திரங்களைப் போட்டு உடைத்தாள். நாளைக்கு எதில் சமைப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்புறம் அந்த ஸ்டேஷன் வந்தது. கதாநாயகர்கள் இருவரும் பிரிகிற பெரிய கட்டம். எல்லோரும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்தா!" என்றார் இவர், சத்தமாக. பின்னாலிருந்து யாரோ, "அரே அங்கிள், சுப் பைட்டோ" என்று வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லி அதட்டினார்கள். கதாநாயகர்களின் தோளுக்குப் பின்னால், மங்கலாக, நீங்கள். நீலச் சட்டை. டீயை ஊதுகிறீர்கள். ஒரு வாய் குடிக்கிறீர்கள். வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறீர்கள். வண்டி வந்து உங்களை மறைத்துவிட்டது.

வெளியே வந்ததும் மகள், "அந்த வொய்ஃப் கேரக்டர் உன்ன மாதிரியே இல்லம்மா" என்றாள்.

"என்ன மாதிரி இருந்தா டிக்கெட் வாங்கிட்டு யாருட்டி வருவா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் கையை ஒருமுறை இறுக்கிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள். நாங்கள் ஆட்டோவில் ஏறினோம். மழை கொட்டியது. செம்பூர் நாக்கா சிக்னலில் நின்றபோது இவர் வாயைத் திறந்தார்.

"டீ ரொம்பச் சூடா இருந்திருக்கும் போல. அவனுக்குச் சூடு ஆவாது."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் தலை என் தோளுக்கு வந்தது அன்றுதான். தடவிக் கொடுப்பதா, தட்டிக் கொடுப்பதா, எனக்குத் தெரியவில்லை. இவர் அழுதால் நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்களிடம் நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம் என்று ஒன்று மிச்சமிருந்தால் அது இதுதான். பாதி ஆளை வைத்துக் குடித்தனம் நடத்தப் பழகியிருந்தேன். முழு ஆளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். ஒரு காலத்தில் இதற்காக ஏங்கியிருக்கிறேன். இப்போது சாயங்காலங்களில் டிவி முன்னால் உட்கார்ந்தால் இவர் தலை தானாக என்பக்கம் சாய்கிறது. அது என்னைத் தேடி வரவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் வயதாகிவிட்டது, தோள் வலிக்கிறது. இவர் தூங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.