ஒப்புட்டு கொண்டுவந்தது நான்தான்

அனுப்புநர்:
கோ. ராமாமணி (வயது 67),
பம்ப்செட் கம்பெனி தரப் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்,
14, மூன்றாவது வீதி, செங்காந்தள் நகர்,
துடியலூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
உயர்திரு உதவி ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம், கோயம்புத்தூர்.

பொருள்: செங்காந்தள் நகர் பூங்கா வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையிலிருந்து திரு. பொங்கியண்ணன் அவர்களின் பெயரை நீக்கவும், எங்கள் சிமெண்ட் பெஞ்சைத் திரும்ப அமைத்துத் தரவும் வேண்டுதல்.

பார்வை: மேற்படி பலகை. (நேரில் வந்து பார்க்கலாம். எழுத்து நன்றாகப் பெரிதாகவே இருக்கிறது.)

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கமுங்க.

1. மேற்படி பூங்காவில் தினமும் காலை ஆறரை மணிக்கு, நடை முடிந்ததும், நாங்கள் இருபத்தேழு பேர் வேப்பமரத்தடி பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் அமெரிக்க அரசியல் பேசுவது வழக்கம். இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று தங்களுக்குத் தோன்றலாம். எங்கள் வீடுகளிலும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் காரணம் உண்டு. எட்டு வருடத்துக்கு முன்பு நம் ஊர்த் தேர்தலைப் பற்றிப் பேசப்போய், எங்களில் ஒருவரான சுப்பையன் மகன் கல்யாணத்துக்கு, எங்களில் இன்னொருவரான தம்பிதுரை போகாமல் இருந்துவிட்டார். இருவரும் பங்காளிகள். அதற்குப் பிறகு எல்லோரும் கூடி ஒரு முடிவு செய்தோம். நம்மில் ஒருவருக்கும் ஓட்டு இல்லாத நாடு, ஒருவருடைய மச்சானும் வார்டு கவுன்சிலராக முடியாத நாடு எதுவோ, அதை மட்டும் பேசுவது. அப்படித்தான் அமெரிக்கா வந்து சேர்ந்தது.

2. இந்த ஏற்பாட்டால் இதுவரை ஒரு கல்யாணமும் கெடவில்லை. செவ்வாய் கிரகத்துக்கு ஆள் அனுப்பலாமா என்று அவர்கள் விவாதித்தால் நாங்களும் விவாதிப்போம். "அங்க போர் போட்டா எத்தனை அடியில தண்ணி வருமுங்க?" என்று சுப்பையன் கேட்டார். பள்ளிக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி கட்டாயமா என்று அங்கே சண்டை வந்த வாரம், முப்பது வருடம் ஊர் ஊராகப் போய் ஊசி போட்ட நர்ஸ் பத்மாவதி எழுந்து நின்றார். அவர் பார்த்த அம்மைச் சாவுகளைச் சொன்னதும் வாக்கெடுப்பு நடந்தது. இருபத்தாறுக்கு ஒன்று என்று தடுப்பூசி ஜெயித்தது. அந்த ஒன்று தம்பிதுரை. விவாதம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று எதிர்த்துப் போட்டதாகப் பிறகு சொன்னார்.

3. எங்களிடம் சட்டதிட்டமும் உண்டு. எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை குறையக் கூடாது. குறைந்தால், குறைத்தவர் மறுநாள் அனைவருக்கும் வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவர வேண்டும். இந்தச் சட்டத்தைத் தாங்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் வினை எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

4. இனி திரு. பொங்கியண்ணன். கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருந்தவர். இப்போது தறிகளை மகன் தீபக் பார்த்துக்கொள்கிறார். எட்டு வருடமாக நான் எந்தப் பக்கமோ அவர் எதிர்ப்பக்கம். சென்ற வருடம் அமெரிக்கா நம் சரக்கின் மேல் இறக்குமதி வரியை ஏற்றியபோதுகூட, "அவங்க ஊட்டு வாசல்ல அவங்க கோலம் போடறாங்க, நாம என்னங்க சொல்றது" என்று வாதாடினார். அவர் தறியில் நெய்த துணிதான் திருப்பூர் போய், உடுப்பாகி, அந்த நாட்டுக்குக் கப்பல் ஏறுகிறது. இரண்டு மாதம் ஆர்டர் நின்றது. இருபத்து நான்கு தறியில் பதினெட்டு நின்றது. வரி ஏறினால் நம் ஊர்த் தறிதான் நிற்கும் என்று நான் சொன்னது பலித்தது, ஐயா, ஆனால் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அந்த இரண்டு மாதமும் அவர் ஒரு நாள் தவறாமல் வந்து, வரிக்கு ஆதரவாக என்னிடம் தொண்டை கிழியக் கத்தினார். பிறகு ஒரு நாள் தனியாகச் சொன்னார்: "ஊட்ல உக்காந்திருந்தா அழுதிருப்பேனுங்க அம்மணி. இங்க வந்ததால சண்டை போட்டேனுங்க." இப்போது பாதித் தறிகள் ஓடுகின்றன. அந்த பெஞ்ச் எங்களுக்கு என்ன என்பதைத் தாங்கள் புரிந்துகொள்ளவே இதை எழுதினேன்.

5. சம்பவம் மார்ச் மாதக் கடைசியில் நடந்தது. அந்த மாதம் வழக்கம்போல அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். வருடம் இரண்டு முறை இப்படித் தள்ளி இழுப்பது வேண்டுமா என்பது அங்கே தீராத வழக்கு. என் மகள் ஹாரிகா அங்கே மினசோட்டாவில் இருக்கிறாள். அவளுக்கு இரவு எட்டு மணிக்குத்தான் கை ஒழியும். குளிர்காலத்தில் அது எனக்குக் காலை ஏழரை. மார்ச் முதல் ஆறரை, அதாவது சரியாக எங்கள் விவாதம் தொடங்கும் நேரம். வருடத்தில் பாதி நாள் நான் மகளோடு பேசுவதா, பொங்கியண்ணனோடு சண்டை போடுவதா? அதனால் கடிகாரத்தைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. "பொழுது நீளும்போது மனுசன் வெரசா எந்திரிக்கறது தப்புங்களா? காடு தோட்டம் பாத்தவனுக்குத்தான் தெரியுமுங்க" என்பது அவர் கட்சி. பேச்சு முற்றி, "மாடு கடிகாரம் பார்த்தா பால் கறக்குது? உனக்கென்ன தெரியும், பேசாமல் இரு" என்று சொல்லிவிட்டேன். பெஞ்சே திகைத்துப் போனது. எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாள் வாக்கெடுப்பு, பலகாரம் என்னுடையது என்று முடிவானது.

6. நான் விடியுமுன் எழுந்து அறுபது ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டேன். கடலைப்பருப்பு, வெல்லம், ஏலக்காய், மேலே நெய். காலையில் ஒவ்வொருவரும் பிஸ்கட் டின்னில் வாக்குச் சீட்டைப் போட்டுவிட்டு வர, நான் ஆளுக்கு இரண்டு ஒப்புட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். நம் மாநிலத்தில் தேர்தல் நடத்தை விதிமுறை அமலில் இருக்கிறது என்பது இருபத்தேழு பேரில் ஒருவருக்கும் நினைவில்லை. அமெரிக்காவைத் தவிர வேறு எதையும் பேசாததன் பலன் அது. யாரோ தகவல் கொடுத்து, பறக்கும் படை ஜீப்பில், வீடியோ கேமராவோடு வந்து இறங்கியது. ஒரு பக்கம் வாக்குச் சீட்டு டின், மறு பக்கம் ஒப்புட்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

7. "இதைக் கொடுத்தது யார்?" என்று அதிகாரி கேட்டபோது என் வாய் நிறைய ஒப்புட்டு இருந்தது. நான் மென்று விழுங்குவதற்குள் திரு. பொங்கியண்ணன் எழுந்து, "நான் கொண்டாந்ததுங்க, எம்பேரு எழுதிக்குங்க" என்றார். முந்தின நாள் என்னிடம் திட்டு வாங்கிய மனிதர், ஐயா! அடுத்த வாரம் எனக்குச் சென்னையில் விசா நேர்காணல் இருந்தது. ஹாரிகாவுக்குப் பிள்ளை பிறந்து எட்டு மாதம் ஆகியும் நான் இன்னும் கையில் எடுக்கவில்லை. என் பேரில் ஒரு வழக்கு என்று வந்தால் விசா என்னவாகும் என்று அந்த ஒரு நொடியில் யோசித்திருக்கிறார். நான் யோசிக்கவில்லை.

8. விசாரித்த பறக்கும் படையினர், வாக்கு அமெரிக்கக் கடிகாரத்துக்கு என்று தெரிந்ததும் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரு ஒப்புட்டை மட்டும் சாட்சிப் பொருளாகப் பொட்டலம் கட்டி எடுத்துச் சென்றார்கள். அது திரும்பி வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் பூங்கா மேற்பார்வையாளர் பயந்துபோய் பெஞ்சைப் பெயர்த்து எடுத்துவிட்டு, வாசலில் இப்படிப் பலகை வைத்துவிட்டார்: "இப்பூங்காவில் அரசியல் பேசவும், வாக்களிக்கவும், பலகாரம் வழங்கவும் தடை. மீறிய பொங்கியண்ணன் மற்றும் 26 பேர் எச்சரிக்கப்படுகிறார்கள்." தேர்தலும் முடிந்துவிட்டது, பலகை மட்டும் நிற்கிறது.

9. அன்று முதல் அவர் பூங்காப் பக்கம் வருவதில்லை. எழுபது வருடம் பெயர் கெடாமல் வாழ்ந்தவர், தன் பெயர் தொங்கும் வாசலில் எப்படி நுழைவார்? அவர் மருமகள் ரித்திகா என்னிடம் சொன்னது: "மாமா டிவியோட சண்டை போடறாருங்க ஆன்ட்டி. அது திருப்பிப் பேசாததுனால அவருக்குக் கோவம் தீரவே மாட்டேங்குதுங்க." என் நிலையும் அதுதான். மீதி இருபத்தைந்து பேரும் நான் எது சொன்னாலும் "ஆமாங்க, ஆமாங்க" என்கிறார்கள். இப்படி ஒரு வாழ்க்கையா?

10. எனக்கு விசா கிடைத்துவிட்டது. இம்மாதம் 24ஆம் தேதி விமானம். அதற்குள், ஒப்புட்டு சுட்டதும் கொடுத்ததும் தின்றதும் நானே என்பதைப் பதிவு செய்துகொண்டு, அவர் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். யார் பெயராவது இருந்தே ஆக வேண்டும் என்றால் கோ. ராமாமணி என்று இனிஷியலோடு எழுதிக்கொள்ளலாம். பெஞ்ச் பழைய இடத்துக்கு வர வேண்டும். எண்ணப்படாத வாக்குகளோடு பூங்கா அலுவலக அலமாரி மேல் இருக்கும் பிஸ்கட் டின்னை, தாங்களே நடுவராக வந்து எங்கள் முன்னால் திறந்தால் பெருமகிழ்ச்சி அடைவோம். அவர் வந்து அந்த பெஞ்சில் உட்காருவதைப் பார்க்காமல் விமானம் ஏற எனக்கு மனம் வரவில்லை. ஆகவே தாங்கள் காலம் தாழ்த்தாமல் ஆவன செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: துடியலூர்
நாள்: 08.06.2026

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோ. ராமாமணி

இணைப்பு: 25 பேர் கையொப்பம்.

பின்குறிப்பு: கையொப்பத்துக்காகத் திரு. பொங்கியண்ணன் வீட்டுக்கும் மனுவைக் கொண்டுபோனேன். பாதிக் கதவைத்தான் திறந்தார். மனுவை வாங்கி, முழுக்கப் படித்து, கீழ்க்கண்டவாறு தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். அடித்தல் திருத்தல் இன்றி அப்படியே சமர்ப்பிக்கிறேன்.

"ஐயா அவர்களுக்கு. மனுவைப் படித்தேன். பத்தி 4இல் வரி பற்றிச் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பத்தி 5இல் கடிகாரம் பற்றிச் சொன்னது முழுத் தப்பு, டின்னைத் திறந்தால் தெரியும். மற்றபடி ஒப்புட்டு அவங்களுதுதானுங்க. ஆனால் அவங்க பேரைப் பலகையில் எழுத வேண்டாமுங்க, பிள்ளையைப் பார்க்கப் போறவங்க. பெஞ்சை 24ஆம் தேதிக்கு முன்னாடி போட்டுக் கொடுங்க. அவங்க போகும் முன் பதில் சொல்ல வேண்டியது எனக்கு நிறைய இருக்குதுங்க.

மறுப்புடன்,
பொங்கியண்ணன்."